பதினாறாம் நாள்

கனகமணி மிஸ்டு கால் மட்டும் விட்டாள்.
எனக்குப் புரிந்துவிட்டது.

மீனாட்சிபுரம் சாவடியில் பால் லாரிகள் வரிசை.
ஒவ்வொரு டேங்கரிலும் ஒரு கரண்டி மொண்டு
நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள்.
என் ஸ்கூட்டரை யாரும் மறிப்பதில்லை.
பின்சீட்டில் நைட்ரஜன் குடுவை.
உள்ளே,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில் உறங்குகின்றன
முப்பது கன்றுகளின் பாதி.

கறுப்பிக்கு இது மூன்றாவது.
முதல் இரண்டு ஊசியும்
இருபத்தோராம் நாள் கத்தலோடு திரும்பின.
மலையாளத்தில் அச்சடித்த பதிவேட்டில்
தமிழில் ஒற்றை எழுத்து போடுவேன்: தி.
திரும்பியது பருவம்.
போனது எதுவென்று எழுதக் கட்டமில்லை.

டாக்டர் ஸ்மிஜா சொல்லித்தான் எனக்கே தெரியும்.
கரு முதலில் ஒரு புள்ளி.
பதினாறு நாளுக்குள் அது நூலாக நீண்டு
கருப்பைச் சுவரெல்லாம் உரசி
'நான் இருக்கேன்' என்று சொல்லிவிட வேண்டும்.
குரல் கிடையாது. ஏதோ ஒரு புரதம்.
சொல்லாவிட்டால்,
சொன்னது போய்ச் சேராவிட்டால்,
உடம்பு வீட்டைக் காலிசெய்து
வெள்ளையடித்து வைத்துவிடும்
அடுத்த குடித்தனத்துக்கு.

எங்கள் வீடுகளில் பதினாறாம் நாள் என்றால்
வேறு கணக்கு.
இலை, படையல், காக்கைக்குக் காத்திருத்தல்.

மூன்றாவது ஊசி மார்ச் கடைசியில்.
பனைகள் தம் நிழலைக் காலடியில் சுருட்டிக்கொண்ட வெயில்.
தகரக் கொட்டகையில் கறுப்பி
நாக்கு தொங்க மூச்சிரைத்தது.
கனகமணி சாக்கை நனைத்து முதுகில் போட்டாள்.
கட்டிலுக்கு மேலிருந்த ஃபேனைக் கழற்றி
கொட்டகையில் மாட்டினாள்.
மயில்சாமி பாயைத் தூக்கிக்கொண்டு
வாசலுக்குப் போனார்.

அந்த முறை அது சொல்லிவிட்டது.
இருபத்தெட்டாம் நாள் ஸ்கேன் திரையில்
சாம்பலுக்கு நடுவே ஒரு கறுப்புக் குளம்,
குளத்தில் ஓர் அரிசி,
அரிசிக்குள் துடிப்பு.
"கண்டோ?" என்றார் டாக்டர்.
கனகமணி முந்தானையில் திரையைத் துடைத்தாள்.
பத்து விநாடி இருக்கும்.

இன்று ஐம்பத்திரண்டு.
"ராத்திரி பூராக் கத்துச்சுங்க" என்கிறாள்.
உறைமாட்டி, தோள்வரை கையை விடுகிறேன்.
விரல்கள் அறிந்தது முகத்துக்கு வர
கொஞ்ச நேரமாகிறது.
"இல்ல."
எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
இதற்கு ஒரே சொல்.

"எங்க போச்சுங்க?
தினம் சாணி அள்றவ நான்.
ஒரு சொட்டுக்கூடக் காணலையே."

கரைந்து அதன் உடம்பிலேயே சேர்ந்திருக்கும் என்றேன்.
அவள் குனிந்து
வைக்கோலைக் கையால் விலக்கிப் பார்த்தாள்.
கறுப்பி அவள் கையிலிருந்ததையே இழுத்து மென்றது.

கன்று போட்டால் நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி
ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள், பால் பெருகட்டும் என்று.
கோபாலபுரம் சாலையில் பார்த்திருக்கிறேன்,
காற்றுக்கு ஆடும் மூட்டைகள்.
இதற்கு ஆட ஒன்றுமில்லை.

சாயந்திரம் சொசைட்டியில் கறுப்பியின் பால்
ஆறு லிட்டர் இருநூறு மில்லி.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
நேற்றும் அதே.

"செவ்வாக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை" என்றார் மயில்சாமி,
பொதுவாக, சுவரைப் பார்த்து.
கனகமணி ஃபேனை இன்னும் ஒரு எண் கூட்டினாள்.

இடவப்பாதி இறங்கியபின் நாலாவது ஊசி.
மழையில் நனைந்து பதிவேட்டின் மை பரவிவிட்டது,
தேதி மட்டும் நினைவிருந்தது.

பதினாறாம் நாள்
எனக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. போனேன்.
கறுப்பி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.
கையுறை எடுக்கவில்லை. குடுவையைத் திறக்கவில்லை.
அவளும் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை.
சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்த மெஷினை
நிறுத்தினாள்.